இரைச்சல் கச்சேரிக்குப் போய் எதற்கு ஒரு குழு? (பெங்களூரு, அல்சூர்)

5 பிப்ரவரி 2024, ஒரு வாசகர் கேட்டது

நேற்று அல்சூரில் உங்கள் இரைச்சல் இசை நிகழ்ச்சிக்கு வந்திருந்தேன். முப்பது பேர் இருப்பார்கள், அதில் பாதி வாசிக்க வந்தவர்கள். மிக்சியும் கிரைண்டரும் சேர்ந்து ஓடுவதுபோல் இரண்டு மணி நேரம். ஒருவர் வாசித்தது பிடித்திருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் இதற்கு ஒரு குழு, வாட்ஸப், மாதக் கூட்டம், கணக்கு நோட்டு எல்லாம் எதற்கு? சத்தம் போட ஆசைப்பட்டவர் அவரவர் வீட்டில் போட்டுக்கொள்ளலாமே. குழு என்று வந்தால் அடுத்து சண்டைதானே வரும்?

6 பிப்ரவரி

முப்பது இல்லை, முப்பத்தொன்பது. எண்ணுவது என் வேலை.

வீட்டிலா? நான் இருப்பது முருகேஷ்பாளையாவில். எங்கள் சுவருக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழையாது. பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று என் மனைவி சொல்லிவிடுவாள். அங்கே உட்கார்ந்து ஒலி மிக்சரைக் கதறவிட்டால் அன்றைக்கே வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள்.

கணக்கு நோட்டு எதற்கென்றால், இதற்குத்தான். ஸ்பீக்கர் ஜோடி வாடகை 4,500. கூடம் 1,500. டெம்போ 800. டீயும் வடையும் 600. ஆக 7,400. வாசலில் எங்கள் அம்மாவின் எவர்சில்வர் தூக்கு இருந்ததே, மூடியில் யுபிஐ கோடு ஒட்டி, அதில் விழுந்தது 5,860. மீதியை ஆறு பேர் ஆளுக்கு 257 ரூபாய் போட்டு அடைத்தோம். தனியாக ஒருவர் இதை மாதாமாதம் செய்யட்டும், பார்க்கலாம்.

தலைவர் கிடையாது. குழுவுக்குப் பெயரும் கிடையாது. பெயர் வைக்க மூன்று கூட்டம் போட்டோம், மூன்றிலும் சண்டை. அந்த மட்டும் நீங்கள் சொன்னது சரி.

6 பிப்ரவரி, இரவு

காலையில் கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன். யோசித்துப் பார்த்தால் குழு என்பது எங்களுக்கு முக்கால்வாசி சாவிதான். கூடத்தின் சாவி யாரிடம், ஸ்பீக்கர்காரரிடம் பேசியது யார், நாற்காலியை மடித்து மாடிப்படிக்கு அடியில் வைப்பது யார். இசை தானாக வந்துவிடும். இந்த ஊரில் ஒலியைத் திரிக்கும் பெடலும் சால்டரிங் இரும்பும் வைத்துக்கொண்டு ராத்திரி தூங்காத பையன்களுக்குக் குறைவா என்ன? சாவிக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

8 பிப்ரவரி

இன்னொருவர், "இது ஜப்பான்காரன் சரக்கு, ஐரோப்பா சரக்கு, நமக்கெதற்கு" என்கிறார்.

பெயரும் கொள்கை விளக்கமும் அங்கிருந்து வந்தவைதான். இத்தாலியில் ருஸ்ஸோலோ என்ற ஓவியர் 1913இல் இரைச்சலே கலை என்று அறிக்கை எழுதி, உறுமுகிற பெட்டிகள் செய்தார். பாரிசில் ஷேஃபர் என்ற வானொலிக்காரர் 1948இல் ரயில் சத்தத்தை இசைத்தட்டில் பதிந்து அடுக்கி இசையாக்கினார். இதெல்லாம் பறையிலிருந்து போனது என்று ஜம்பம் அடிக்கிற ஆள் நானில்லை.

ஆனால் வெளியிலிருந்து நேற்றுதான் வந்தது என்பதும் தவறு. அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இலேயே மின்சாரத்தால் ஒலி எழுப்பும் மூக் சிந்தசைசரோடு ஒரு மின்னிசைக் கூடம் இருந்தது. அமைத்துக் கொடுத்தவர் டேவிட் டியூடர், அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் கூட்டாளி. அங்கே நம் ஆட்கள் நாடாவில் பதிந்தது பல வருடம் பெட்டிக்குள் கிடந்து, 2023இல்தான் தொகுப்பாக வெளிவந்தது. சும்மா கிடந்ததற்குக் காரணம் திறமைக் குறைவு இல்லை. எடுத்து அடுக்கி நாலு பேருக்குப் போட்டுக்காட்ட ஆள் இல்லை. மறுபடியும் சாவிக் கதை.

நம்ம ஊர்க் கதை வேண்டுமா? சி.வி. ராமன் இங்கே இந்திய அறிவியல் கழகத்தில் இருந்தபோது, 1934இல், மிருதங்கம், தபலா பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சாதாரண வட்டத் தோலைத் தட்டினால், அடி ஒலியோடு கூடவே எழும் மேலொலிகள் ஒன்றோடொன்று ஒட்டாது, அதனால்தான் வெறும் பறட்டை ஓசை. மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலை நடுவில் கரணை என்ற கறுப்புப் பசையை அப்பினால் அதே மேலொலிகள் ஒரு சுருதிக்குள் வந்து உட்காருகின்றன. அதாவது நம்மவர்கள் கல்பொடியையும் சோற்றையும் குழைத்துப் பூசி இரைச்சலை ஸ்வரம் ஆக்கினார்கள். நாங்கள் அந்தக் கரணையைச் சுரண்டிவிட்டு, அடியில் என்ன இருந்தது என்று காது வைத்துக் கேட்கிறோம். அவ்வளவுதான் கொள்கை. இதற்கு மேல் விளக்கினால் எனக்கே புரியாது.

10 பிப்ரவரி

ஞாயிறன்று போலீஸ் வந்ததைப் பற்றிக் கேட்டவர்களுக்கு.

ஒன்பது நாற்பதுக்குப் போலீசின் ஹொய்சளா ரோந்து வண்டி வந்தது. ஒரு ஏட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். அப்போது கடைசி ஆள் வாசித்துக்கொண்டிருந்தான். வாசித்தான் என்றால், மிக்சரின் வெளிவாயை அதன் உள்வாயிலேயே செருகிவிட்டு, அது தனக்குத் தானே ஊளையிடுவதைத் திருகுகளால் மேய்த்துக்கொண்டிருந்தான். ஏட்டு, "ஏனு, மிஷின் ரிப்பேரா?" என்றார். எங்களில் கன்னடம் நன்றாகப் பேசும் அக்கா, "சங்கீதா சார்" என்றார். அவர் இரண்டு நிமிடம் நின்று மரியாதையாகக் கேட்டார். பிறகு, "ஸ்வல்ப கம்மி மாடி", அதாவது கொஞ்சம் குறையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்குக் கிடைத்த விமர்சனங்களிலேயே சுருக்கமானது அதுதான்.

என் போனில் இருந்த டெசிபல் செயலி வெளிக் கதவருகே 52 காட்டியது. 2000ஆம் ஆண்டு விதிப்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை 45. ஆகவே நாங்கள் வரம்புக்குள்தான். ஆனாலும் புகார் வந்திருக்கிறது. கடைசி ஆள் ஏற்றிய சத்தம்தான் காரணம். அவனுக்கு நேற்று எழுதினேன், அடுத்த முறை பாதியாகக் குறைக்கச் சொல்லி.

காதுக்கு: 100 டெசிபல் வரை இரண்டு மணி நேரம் தாங்கும், பயப்பட வேண்டாம்.

11 பிப்ரவரி

திருத்தம். இரண்டு மணி நேரம் என்றது தப்பு, ஒரு நண்பர் காதைத் திருகினார். நான் சொன்னது அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கான பழைய சட்ட அளவு. அங்கே 90க்கு எட்டு மணி நேரம், ஒவ்வொரு 5 டெசிபலுக்கும் நேரம் பாதி. அதே நாட்டின் தொழில்நல ஆய்வு நிறுவனம் சொல்வது 85க்கு எட்டு மணி, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதி. அந்தக் கணக்கில் 100க்குப் பதினைந்து நிமிடம்தான். எங்கள் ஒரு ஆளின் நேரமே இருபது நிமிடம். இனி வாசலில் தூக்குக்குப் பக்கத்தில் காதடைப்பான் டப்பா இருக்கும். பஞ்சு வைத்துக்கொள்வது உதவாது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்து மணி விதியையும் கொஞ்சம் முரட்டுத்தனமாகச் சொல்லிவிட்டேன். இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை என்றாலும், மூடிய மண்டபத்துக்குள் விலக்கு உண்டு. ஆனால் தனியார் இடத்தின் எல்லையில் அந்தப் பகுதிக்குரிய அளவை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. இதைப் படித்துவிட்டுத் தகரக் கொட்டகையை மண்டபம் என்று வாதாட வேண்டாம்.

4 மார்ச்

நேற்றைய நிகழ்ச்சியைப் பற்றி எழுத வந்தால், எழுத வேண்டியது தண்ணீரைப் பற்றித்தான். ஊரே டாங்கருக்கு வரிசையில் நிற்கிறது. கூடத்துக்காரர், "டாய்லெட்டைப் பூட்டிடறேன் சார், தப்பா நினைக்காதீங்க" என்றார். நாற்பது பேர் மூன்று மணி நேரம் இருக்கும் இடத்தில் டாய்லெட் பூட்டு என்றால் பெண்கள் வரமாட்டார்கள், வந்தாலும் பாதியில் போவார்கள். இருபது லிட்டர் கேன் ஆறு, இரண்டு ஸ்கூட்டரில், மூன்று நடை. தூக்கியது யார் என்று கேட்டால், வாட்ஸப்பில் கட்டைவிரல் காட்டிய இருபத்தேழு பேரில் மூன்று பேர். அந்த மூன்று பேரும் அன்றைக்கு வாசிக்கவில்லை.

வாசித்தவர்கள் யாரும் கேட்கக்கூட இல்லை, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று.

5 மார்ச்

மேலே உள்ள கடைசி வரி அநியாயம். ஒரு பெண் கேட்டாள். கேட்டுவிட்டுக் காலிக் கேன் ஒன்றை மேடைக்கு எடுத்துப்போய், அதன் அடியில், அதிர்வை மின்சாரமாக்கும் பீசோ வட்டை ஒட்டி, விரல் நகத்தால் சுரண்டி வாசித்தாள். அன்றைய இரவில் எனக்குப் பிடித்தது அதுதான், அதையே சொல்ல மறந்துவிட்டேன். எரிச்சலில் இருந்தால் காது வேலை செய்யாது.

பீசோ எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்களுக்கு: எஸ்.பி. ரோடு, மின்னணுச் சாமான் கடைத்தெரு. 27 மில்லிமீட்டர் பித்தளை வட்டு, பத்துப் பதினைந்து ரூபாய். வெள்ளைப் பரப்பில் சால்டர் வைக்கும்போது இரும்பை ஒரு நொடிக்கு மேல் வைக்காதீர்கள், பொரிந்துவிடும். ஒயர் ஒட்டிய இடத்தில் நகப்பூச்சு தடவினால் பிய்ந்து வராது. நேராக மிக்சரில் செருகினால் தகர டப்பாவைத் தட்டியதுபோல் மெலிந்து கேட்கும், அடித்தொனி முழுக்கப் போய்விடும். ஒரு மெகா ஓம் உள்ளீட்டு மின்தடை இருக்கிற கிட்டார் பெடல் வழியாக விட்டால் அதே வட்டு யானைபோல் பிளிறும்.

19 மார்ச்

தேர்தல் தேதி அறிவித்தாயிற்று, இங்கே வாக்குப்பதிவு ஏப்ரல் 26. கூடத்துக்காரர் நடத்தை விதி என்று பயப்படுகிறார். "நாங்க எந்தக் கட்சிக்கும் பேசறதில்லையே சார்" என்றேன். "நீங்க என்ன பேசறீங்கன்னே புரியாதே, அதான் பயம்" என்றார். ஏப்ரல் நிகழ்ச்சி இல்லை.

22 ஏப்ரல்

சும்மா இருக்கிற மாதத்தில் குழுவைச் சங்கமாகப் பதிவு செய்கிற வேலையாவது நடக்கட்டும் என்று பார்த்தோம். கர்நாடகச் சங்கப் பதிவுச் சட்டம் 1960இன் படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். நாங்கள் ஆறு. ஏழாவது ஆளுக்குக் கேட்டபோது குழுவில் அவ்வளவு அமைதியை நான் முன்னே பார்த்ததில்லை, அதுவும் இரைச்சல் குழுவில்.

பதிவுக்குப் பெயர் வேண்டும் என்பது இன்னொரு சிக்கல்.

ஜெர்மன்கார நண்பர் ஒருவர் இருநூறு யூரோ அனுப்புகிறேன் என்றார். வெளிநாட்டு நன்கொடை வாங்க தனிப் பதிவு வேண்டும், தில்லியில் ஸ்டேட் வங்கிக் கிளையில் கணக்கு வேண்டும். வேண்டாம் அப்பா, நீ இங்கே வரும்போது வடை வாங்கிக்கொடு என்று சொல்லிவிட்டேன்.

6 மே

இதைப் பிப்ரவரியிலேயே எழுதியிருக்க வேண்டும். எனக்கே இப்போதுதான் தெரியும்.

நேற்று நிகழ்ச்சிக்கு முன்னால் சாவி வாங்கப் போனபோது மாடி வீட்டு அக்கா கூப்பிட்டார். வருடக்கணக்காகத் தலைக்கு மேலே குடியிருக்கிறார், நான் ஒரு முறையும் போய்ப் பேசியதில்லை. "உள்ள வா தம்பி, ஒண்ணு காட்டணும்" என்றார். கீழே எங்கள் பையன் ஒலிச் சோதனையில் இருந்தான். சமையலறை அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் நிறுத்தி வைத்திருந்தார். தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடுங்கின, டிர்ர்ர் என்று, ஒரே சீராக. அவர் கையை வைத்தார், நின்றது. எடுத்தார், மறுபடி. "சத்தமே கேக்கறதில்ல, தட்டு மட்டும் ஆடும். முதல்ல பூகம்பம்னு நெனச்சேன்" என்றார்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அந்தச் செயலி காட்டிய 52, ஏ வகை டெசிபல். மனிதக் காதுக்கு அடித்தொனி குறைவாகக் கேட்கும் என்று அந்த அளவை அடித்தொனியைக் கழித்துக் கணக்கிடும். 50 ஹெர்ட்சில் ஏறக்குறைய 30 டெசிபலைக் கழித்துவிடும். 80 இருந்தால் 50 என்று காட்டும். அடித்தொனிக்குச் சுவர், கூரை ஒன்றும் பொருட்டில்லை. நம் மின்சாரமே 50 ஹெர்ட்ஸ்தான், எங்கள் பையன்களில் பாதிப் பேர் அது எழுப்பும் ஹம் என்கிற முனகலை வைத்தே பிழைக்கிறார்கள். விதிப்படி வரம்புக்குள் இருந்துகொண்டே ஓர் அம்மாளின் தட்டுகளை மாதாமாதம் ஆட்டியிருக்கிறோம்.

சரி, அதனால்தான் பிப்ரவரியில் போலீசைக் கூப்பிட்டீர்களா என்று கேட்டேன். "நானா? நான் ஏன் கூப்பிடறேன். எதிர் வீட்டுக்காரங்க கூப்பிட்டாங்க. அவங்க கேட்டு முன்னால பத்து வண்டி நிறுத்தி, அதுமேல உக்காந்து சிரிச்சிக்கிட்டிருந்தா? அந்த வீட்ல கைக்குழந்தை."

ஆக இசை இல்லை காரணம். வெளியே நின்று டீ குடித்தவர்கள். நானும் அதில் ஒருவன்.

6 மே, கொஞ்ச நேரம் கழித்து

கடைசி ஆள் என்று மேலே இரண்டு இடத்தில் குறை சொல்லியிருக்கிறேனே, அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். மார்ச்சிலும் நேற்றும் அவன் வரவில்லை. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்திருக்கிறது. கட்டைவிரலின் மதிப்பு என்ன என்று மார்ச்சில் நானே எழுதியிருக்கிறேன்.

இனி ஸ்பீக்கர் தரையில் இல்லை, டயர் மேல். டயர் பழைய சாமான் கடையில் 150க்குக் கிடைத்தது. அடித்தொனியை மிக்சரிலேயே வெட்டுகிறோம், முணுமுணுப்புகளை நான் கேட்டுக்கொள்கிறேன். வண்டி எல்லாம் பெரிய தெருவில். வெளியே நிற்கிறவர்களை உள்ளே தள்ள ஒருவர். அது அடுத்த மாதம் யார் என்று இன்னும் முடிவாகவில்லை, அதாவது நான்.

3 ஜூன்

நேற்று உறுமி அண்ணன் வந்தார். நீளமாக எழுத வேண்டும், பொறுங்கள்.

4 ஜூன்

எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் உறுமி வாசிப்பவர். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அந்தக் கனத்த உறுமலை, நாங்கள் முப்பதாயிரம் ரூபாய் பெடலில் தேடிக்கொண்டிருக்கிறோம். அவரைக் கூப்பிடலாம் என்று சொன்னது நான். அல்சூர் ஏரிப் பக்கம், திருவள்ளுவர் சிலைக்கு எதிரே டீக்கடையில் போய்ப் பேசினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "எவ்ளோ குடுப்பீங்க?" என்றார்.

எங்கள் குழுவில் வாசிப்பதற்கு யாருக்கும் பணம் கிடையாது. அதை ஒரு கொள்கையாகவே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. எங்களில் எல்லாருக்கும் மாதம் முதல் தேதி சம்பளம் வருகிறது. அவருக்குச் சம்பளமே இதுதான். 3,000 என்றேன். "ஆடியா இருந்தா என்னைப் பிடிக்க முடியாது, இப்போ சரி" என்று ஒப்புக்கொண்டார்.

ஒலிச் சோதனையில் ஒரு விபத்து. யாரோ ஹம் வருகிறது என்று மிக்சர் பிளக்கின் எர்த் கம்பியைக் கழற்றிவிட்டிருக்கிறார்கள். அண்ணன் மைக்கில் பெயர் சொல்ல வாயை வைத்ததும் உதட்டில் சுர்ரென்று இழுத்தது. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, ஆகியிருக்கலாம். ஹம் வந்தால் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்சிலிருந்து எடுங்கள், லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், நடுவில் மின்தொடர்பைப் பிரிக்கும் டிஐ பாக்ஸ் போடுங்கள். எர்த்தைத் தொடாதீர்கள். செய்தது யார் என்று எனக்குத் தெரியும், எழுத மாட்டேன்.

வாசித்தார். இருபது நிமிடம், கூட ஒரு பெண் பீசோவும் தண்ணீர்க் கேனுமாக. எங்கே உறுமி, எங்கே கேன் என்று சில இடங்களில் எனக்குத் தெரியவில்லை. முடிந்ததும் அடுத்தவர்களின் வாசிப்பையும் முழுக்க உட்கார்ந்து கேட்டார். பிறகு என்னிடம், "தம்பி, எல்லாம் சரி. முடிஞ்சிடுச்சுன்னு எப்படித் தெரியும்? எங்களுக்கு சாமி கிளம்பினா முடிஞ்சது" என்றார். எங்களுக்கு நான் பின்னால் நின்று டார்ச் அடித்தால் முடிந்தது என்றேன். அவர் ரொம்ப நேரம் சிரித்தார்.

7 ஜூன்

எதிர்பார்த்ததுதான். "அவருக்கு 3,000, எங்களுக்கு வடையா?" என்று வாட்ஸப்பில் வந்துவிட்டது. கேட்டவன் சம்பளம் எனக்குத் தெரியும் என்பதால் கோபம் வந்தது. ஆனால் அதே கேள்வியை வேலை இல்லாத இன்னொருவனும் மனதில் வைத்துக்கொண்டு கேட்காமல் இருந்திருக்கிறான், அது பிறகுதான் தெரிந்தது. யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று கூட்டத்தில் கைதூக்கச் சொல்வது அசிங்கம். கணக்கு அக்கா ஒரு வழி சொன்னார்: நிகழ்ச்சி முடிந்ததும் வாசித்தவர்கள் ஒவ்வொருவரும் தனியாகத் தூக்கருகே போவது, வேண்டியவர் 500 எடுத்துக்கொள்வது, வேண்டாதவர் போடுவது, யாரும் பார்ப்பதில்லை. இது நடக்காது என்று நான் சொன்னேன்.

8 ஜூலை

நடந்தது. தூக்கில் போன மாதத்தைவிட 340 ரூபாய் கூடுதல். எனக்குப் புரியவில்லை, கணக்கு அக்காவுக்குப் புரிகிறது.

மாடி அக்காவிடம் தட்டு ஆடியதா என்று கேட்டேன். "ஒண்ணே ஒண்ணு" என்றார்.

5 ஆகஸ்ட்

முதல் கேள்வி கேட்ட வாசகரே நேற்றும் வந்திருந்தார். நாற்காலி மடித்தார். ஏழாவது கையெழுத்து போடுவீர்களா என்று கேட்டேன், பெயர் என்ன வைத்திருக்கிறீர்கள் என்றார், பேச்சு அங்கேயே நின்றது. ஆனால் சாவி இப்போது அவரிடம். செப்டம்பர் 1க்கு யாரும் எனக்குப் போன் பண்ண வேண்டாம்.

இன்னொன்று. தூக்கு காணவில்லை. காசை எண்ணி நோட்டில் எழுதியாயிற்று, அது பத்திரம். தூக்கைக் கடைசியாகப் பார்த்தவர் சொல்லவும், அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.